புதன் பிற்பகலைக் களவாடியவர்

“என்ன காணாமப் போச்சு, காக்கா?”

“புதன்கிழமை.”

“முழுசாவா?”

“இல்லம்மா. மத்தியானத்துக்கு மேல உள்ளது மட்டும்.”

நபீஸாவின் பேனா நின்றது. ரங்கூனின் லான்மடாவில் ஒரு குடைக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். பதினொரு வருடத்தில் கார் தேடியிருக்கிறாள், ஓடிப்போன மாப்பிள்ளை தேடியிருக்கிறாள், ஒருமுறை பஞ்சவர்ணக்கிளி ஒன்றையும் தேடிப் பிடித்திருக்கிறாள். கிழமை தேட யாரும் அழைத்ததில்லை.

அவளுக்குப் பின்னால், கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான் உதவியாளன் சுரேந்திரன். நான்கு மாடி ஏறிய மூச்சு இன்னும் திரும்பவில்லை. வாய் மட்டும் திரும்பிவிட்டது.

“காலைல உள்ளத விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க. ஈரமுள்ள திருடன்க்கா.”

பர்கத்துல்லா சிரிக்கவில்லை. பசுந்தாங்கில், ஓடையைப் பார்த்த பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில், மூன்று மேசையும் ஒரு தொழுகை விரிப்பும் போட்டு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர் அவர். தலைக்கு மேலே சுவரில் ஒரு புதுப் பலகை பளபளத்தது: ‘100% தானியங்கி.’

“வெளையாட்டு இல்ல தங்கச்சி. நாலு மணிக்கு டோ ஆவுடையம்மா வர்றாங்க. கல்யாண பீரோ வச்சிருக்காங்களே, அவங்கதான். நம்ம பெரிய வாடிக்கை. கள்ளன் யாருன்னு நான் கையக் காட்டணும். இல்லாட்டி அவங்க வேற எடத்துக்குப் போயிருவாங்க. நான் இதச் சாத்திட்டு அத்தர் விக்கப் போகணும்.”

“கையக் காட்ட ஆள் இருக்கா?”

“இருக்கு.” அவர் குரலைத் தாழ்த்தினார். அறையின் நீளமே பத்தடி என்பதால் அதில் பயன் ஒன்றுமில்லை. “அதோ.”

உள்மேசையில் ஒரு பெண் கணினியை விட்டு முகம் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் பூசியிருந்த தனகா சந்தனத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன.

“ஆஷா,” என்றார் பர்கத்துல்லா. “ஆறு வருஷமா நம்மகிட்ட வேலை பாக்குது. நல்ல பொண்ணாத்தான் இருந்துச்சு.”

“முதல்ல இருந்து சொல்லுங்க காக்கா. என் உதவியாளருக்குப் புரியற மாதிரி.”

“நம்மகிட்ட ஒரு லைப்ரரி இருக்கு…”

சுரேந்திரன் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தான். “ஒரு புஸ்தகங்கூட இல்லையே பாய். அதுவுமா போச்சு?”

பதில் உள்மேசையிலிருந்து வந்தது. “புஸ்தகம் இல்ல, கோ சுரேந்திரன். நாள் கணக்குப் போடுற கோட். கல்யாண பீரோ, பிள்ளைக்குப் பேர் வைக்கிறவங்க, பகோடாவுல பூ விக்கிறவங்க, எல்லாரும் அவங்க அவங்க ஆப்ல இதச் செருகிக்குவாங்க. பொறந்த தேதியும் நேரமும் அடிச்சா என்ன நாள், என்ன மிருகம், பகோடாவுல எந்த மூலைன்னு சொல்லும். ஆறு வருஷமா நான் கையால எழுதினது.”

“அதான் வம்பு,” என்றார் பர்கத்துல்லா. “கையால எழுதினா எத்தன நாள் ஆவும்? மூணு வாரத்துக்கு முன்னாடி மொத்தத்தையும் ரோபோ கையில மாத்திக் குடுத்துட்டேன். கோட் எழுதற ரோபோ. என்ன வேணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும், மிச்சத்த அதே எழுதிரும். கோ லேன்னு பேரு.”

“அது யார் வச்ச பேரு?”

“நான்தான் சயாமா,” என்றாள் ஆஷா. “வந்து மூணு வாரந்தானே ஆவுது. ‘கோ’ போதும். பெரிய மனுஷங்களுக்குப் போடற ‘ஊ’வோ ‘டோ’வோ போட்டுக் கூப்பிடற அளவுக்கு இன்னும் ஒண்ணும் செய்யல.”

நபீஸாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “சரி. புதன்கிழமைக்கு வாங்க.”

“பர்மாவுல வாரத்துக்கு எட்டு நாள், உனக்குத் தெரியாததா?” என்றார் பர்கத்துல்லா. “புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை. மத்தியானத்துக்கு மேல உள்ளது யாஹு, தந்தமில்லாத யானை. ரெண்டும் வேற நாள், வேற மூலை, வேற ஜாதகம்.”

சுரேந்திரன் கதவுச் சட்டத்தை விட்டான். “யாஹு நாள்! அது என் நாளாச்சே. எங்கம்மா பர்மாக்காரி. புதன்கிழமை மூணு மணிக்கு என்னப் பெத்தாங்க. அப்ப இந்த லைப்ரரிப்படி நான்…”

ஆஷா தயங்கினாள். பிறகு அவனிடம் தேதியைக் கேட்டுத் தட்டினாள். திரையில் எழுத்து வந்தது:

‘மன்னிக்கவும். இப்படி ஒருவர் பிறக்கவில்லை.’

“எனக்கு ரொம்ப நாளா சந்தேகந்தான்,” என்றாள் நபீஸா.

“பொறக்காதவனுக்கு இப்படி மூச்சு வாங்குமாக்கா?”

“இதே பதில்தான் டோ ஆவுடையம்மாவுக்கும் வந்திருக்கு!” பர்கத்துல்லா தலையில் கை வைத்தார். “அவங்களும் யாஹு. முந்தாநாள் ஒரு கூட்டம் போட்டு, முன்னூறு மாப்பிள்ள பொண்ணுங்க முன்னாடி, பெரிய திரையில அவங்க தேதியவே அடிச்சுக் காட்டியிருக்காங்க. அம்பத்தாறு வயசுப் பொம்பள. பொறக்கலன்னு வந்துருச்சு. மண்டபமே சிரிச்சிருக்கு.”

“ரோபோதான் அழிக்குதா?”

“அதுவா அழிக்காது சயாமா, கேக்கும்,” என்றாள் ஆஷா. “புதன்னு ரெண்டு தடவ இருக்கறதப் பார்த்ததும் ஒண்ணு கை தவறி வந்ததுன்னு நெனச்சுக்குது. ‘ஒன்றை நீக்கட்டுமா?’ன்னு கேக்கும். நான் ‘வேண்டாம்’ சொல்வேன். கொஞ்ச நேரங் கழிச்சுத் திரும்பக் கேக்கும். திரும்ப வேண்டாம்பேன். ஆனா தினமும் ரெண்டு தடவ யாரோ ‘சரி’ சொல்லிடறாங்க. என் பேர்ல.”

“கடவுச்சொல்ல மாத்தலாமே?”

“மூணு தடவ மாத்திட்டேன்.”

“இந்த எடத்தத் தொடாதேன்னு அதுகிட்டச் சொல்லி வைக்க வழியில்லையா?”

“இருக்கு. தொடாதே பட்டியல்னே ஒண்ணு இருக்கு. அதுல ஒரு வரி எழுதிட்டா அந்தப் பக்கமே போகாது. ஊ பர்கத்தான் விடமாட்டேங்கறார்.”

பர்கத்துல்லா பலகையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “ஒரு வரி எழுதினாலும் நூறு சதவீதம் போயிருமாம். ரோபோ வித்தவன் சொன்னான். பலகை வேற அடிச்சு மாட்டியாச்சு.”

“ஆஷா ஏன் தான் எழுதினதத் தானே அழிக்கணும்?”

“வயித்தெரிச்சல் தங்கச்சி! ரோபோ வந்ததுல அவளுக்கு எடமில்லாமப் போச்சு. அது தப்புப் பண்ணுதுன்னு காட்ட, அவளே ‘சரி’ய அமுக்கிட்டு, அவளே திருப்பி எழுதிட்டு, அவளே அழுவுறா.” மேசையறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “இவளச் சேர்க்காதீங்கன்னு எழுதி வச்சிருக்கேன். ரங்கூன்ல உள்ள எல்லாக் கம்பெனிக்கும் போவுது. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி.”

ஆஷா எழுந்துவிட்டாள். “அந்தக் கடுதாசி போனா இந்த ஊர்ல ஒருத்தரும் என்ன உள்ள விடமாட்டாங்க சயாமா. ஆறு வருஷம். எட்டு நாளையும் நான்தான் எழுதினேன். என் கையால ஒண்ண அழிப்பேனா?”

சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டேகால்.

“எந்த எந்த நேரத்துல ‘சரி’ விழுந்திருக்குன்னு கணக்கு இருக்கா?” என்றாள் நபீஸா.

இருந்தது. ஆஷா திரையைத் திருப்பிக் காட்டினாள். நபீஸா பேனா முனையால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தாள்.

“பத்து பத்து. மூணு பத்து. மறுநாள் பத்து ஒம்பது. மூணு பதினொண்ணு. தினம் ரெண்டு, சொல்லி வச்ச மாதிரி. ரோபோ வந்து மூணு வாரம், ஆனா இது ரெண்டு வாரமாத்தான் நடக்குது. இங்க பாரு சுரேந்திரா. ரெண்டு வெள்ளிக்கிழமையும் காலி.”

“அப்படின்னா?”

“வெள்ளிக்கிழமையானா புதன் மத்தியானம் உயிரோட இருக்கு.”

“எங்கம்மா காதுல போட்டுராதீங்க. பகோடாவுக்கு மெழுகுவத்தி வாங்கக் கெளம்பிருவாங்க.”

“வெள்ளிக்கிழமை ஆபீசுல யார் இருக்கறதில்ல?”

சுரேந்திரனின் பார்வை மெல்ல நகர்ந்து, பர்கத்துல்லாவின் தொப்பியில் போய் உட்கார்ந்தது.

“பாய். ஜும்மா?”

“அடப்பாவி, நான் ஒரு மணிக்குத்தான் தொழப் போவேன்! ரெண்டு மணிக்குத் திரும்பிருவேன். பத்து மணிக்கும் மூணு மணிக்கும் இங்கதான் இருப்பேன். ஆஷாவக் கேளு!”

“இருப்பாரு,” என்றாள் ஆஷா உடனே. “ரெண்டு வெள்ளியும் இருந்தாரு.”

நபீஸா அவள் பக்கம் திரும்பினாள். “உன்ன வெளிய அனுப்பக் கடுதாசி எழுதி வச்சிருக்காரு. அவர மாட்டி விட நல்ல சமயம். விட்டுட்டியே?”

“இருந்தாரே சயாமா. இல்லன்னு எப்படிச் சொல்றது?”

நபீஸா குறிப்பேட்டில் ஒரு பெயரை அடித்தாள். யார் பெயர் என்று பர்கத்துல்லா எட்டிப் பார்த்தார். அவள் மூடிவிட்டாள்.

“ரோபோ எங்க இருக்கு?”

ஜன்னலோரம் சின்ன மேசை. அதன்மேல் திறந்தபடி ஒரு மடிக்கணினி, திரை இருண்டு கிடந்தது. ஜன்னலில் ஒரு கற்றாழைத் தொட்டி, காயப்போட்ட துண்டு, கயிற்றில் தொங்கும் பித்தளை மணி, வெளியே ஓடைப் பக்கத்து வெயில்.

“ஏன் ஜன்னல்ல?”

“அங்கதான் போன் சிக்னல் வருது,” என்றாள் ஆஷா. “என் பேர்ல தெறந்து வச்சிருக்கும். என் பேர எடுத்தா கோ லே ஓடாது. நாங்க யாரும் அதுல கைய வைக்கறதில்ல. நான் இந்த மேசைல இருந்தே பேசிக்குவேன்.”

“சுரேந்திரா, தொடாம வந்து பாரு. என்ன தெரியுது?”

அவன் குனிந்தான். “தூசி.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்… இல்ல. ஒண்ணுல இல்ல. அய்ய, அது பள்ளமா வேற இருக்கு. மஞ்சளா கீறல்.” நிமிர்ந்தான். “ஒத்த விரல்ல டைப் அடிக்கிற திருடன். அந்த விரல்ல மோதிரம் போட்டிருக்கான்.”

“மத்த எழுத்து எதுவும் அவனுக்குத் தேவைப்படல. அது என்ன பொத்தான், ஆஷா?”

“என்டர், சயாமா. ‘சரி’க்கு அதான். சும்மா இருந்தா திரை தூங்கிரும். ஒரு தடவ தட்டினா முழிச்சுக்கும். ரெண்டாந்தடவ தட்டினாத்தான் ‘சரி’.”

“ரெண்டு தட்டு.” நபீஸா அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “பத்து பத்துக்கும் மூணு பத்துக்கும் இங்க என்ன நடக்கும்?”

“ஒண்ணும் நடக்காதும்மா,” என்றார் பர்கத்துல்லா. “டீ குடிப்போம்.”

“டீ எங்க இருந்து வருது?”

“கீழ ஜுல்ஃபிகர் கடை.”

“வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை அவன் கடை லீ…” பர்கத்துல்லாவின் வாய் திறந்தபடியே நின்றது.

சுரேந்திரன் மாடிப்படியைப் பரிதாபமாகப் பார்த்தான். “எறங்கணுமா?”

“எறங்கணும்.”

“திரும்ப ஏறணுமா?”

“பொறக்காதவனுக்கு என்னடா களைப்பு? நட.”

ஜுல்ஃபிகர் ஒடிசலான ஆள். குள்ள முக்காலிகளுக்கு நடுவே நின்று, பெரிய கெட்டிலிலிருந்து தேநீரைப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி, ரப்பர் வளையம் சுற்றிக்கொண்டிருந்தார். சுரேந்திரன் அவருடைய கையைப் பார்த்தான். மோதிரம் இருந்தது. நபீஸாவை முழங்கையால் இடித்தான்.

“நாலாம் மாடிக்கு டீ கொண்டு போறது நீங்கதானே?” என்றாள் நபீஸா.

“கொண்டு போறதா? என் முழங்காலப் பாருங்க லாத்தா.” இடுப்பு லோஞ்சியை ஒரு விரற்கடை தூக்கிக் காட்டினார். “பத்தொம்பது வருஷமா இந்தக் கட்டடத்துக்குக் கீழ கடை வச்சிருக்கேன். ரெண்டாம் மாடி எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது.”

“பின்ன டீ பறந்தா போவுது?”

“தொங்குதே, கண்ணு தெரியலையா?” மோவாயால் மேலே காட்டினார்.

கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கயிறுகள். ஒவ்வொரு வீட்டின் பால்கனியிலிருந்தும் ஒன்று, தெரு வரை இறங்கி, நுனியில் ஒரு கிளிப்போடு ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றில் அன்றைய பேப்பர், இன்னொன்றில் கீரைக்கட்டு.

“பைய மாட்டிக் கயித்த இழுப்பேன். மேல மணி அடிக்கும். தூக்கிக்குவாங்க. பேப்பர்காரன் ஒரு இழுப்பு, நான் ரெண்டு இழுப்பு. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அதான் கணக்கு. ஒண்ணு அடிச்சா பேப்பர், ரெண்டு அடிச்சா டீ.”

“போச்சு,” என்று முணுமுணுத்தான் சுரேந்திரன். “திருட்டு நடக்கற நேரத்துல ஆள் நடுத்தெருவுல நிக்கறாரு. சாட்சிக்கு இருபது பேரு டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். எதுக்குக்கா என்ன எறக்குனீங்க?”

நபீஸா காதில் வாங்கவில்லை. கழுத்தை வளைத்துக் கயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எல்லாக் கயிறும் பால்கனில இருந்து வருது. நாலாம் மாடிக் கயிறு மட்டும் ஏன் ஜன்னல்ல இருந்து வருது?”

“அது இப்ப ரெண்டு வாரமா அப்படித்தான். முன்னாடி பால்கனிலதான் இருந்துச்சு. பர்கத் காக்கா மாத்திட்டாரு.”

“ரெண்டு வாரமா,” என்றாள் நபீஸா. சுரேந்திரனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கிளி கிடைத்த அன்றும் அதே சிரிப்புதான். “மூணு பத்துக்கு வழக்கம்போல இழுங்க. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.”

“நான் என்ன குத்தஞ் செஞ்சேன் லாத்தா?”

“ஒண்ணுமில்ல. ரெண்டு டீக்கு ரெண்டு இழுப்பு. அவ்வளவுதான் உங்க குத்தம்.”

மூன்று மணி ஆறு நிமிடம். நபீஸா சொன்னபடி எல்லாரும் அவரவர் வழக்கமான இடத்தில் இருந்தார்கள். ஆஷா புதன் பிற்பகலைத் திருப்பி எழுதி முடித்து, உள்மேசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். பர்கத்துல்லா பேப்பர் படிப்பதுபோல் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சுரேந்திரன் தொழுகை விரிப்பை மிதிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். ஜன்னல் பக்கம் யாருமில்லை. மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தது.

“யாரு வரப் போறா?” என்று கிசுகிசுத்தார் பர்கத்துல்லா.

“வந்து ரெண்டு வாரமாச்சு காக்கா. பேசாம இருங்க.”

மூன்று ஒன்பது. மூன்று பத்து.

ஜன்னல் கயிறு விறைத்தது. பித்தளை மணி விர்ரென்று மேல்சட்டத்து வளையம் வரை ஏறி, அதில் மோதி ‘டிங்’ என்றது. கீழே இழுத்த கை விட்டதும் மணி இறங்கியது. நேராக, கனமாக, மடிக்கணினியின் வலது ஓரத்தில்.

டக்.

திரை விழித்தது. ‘புதன் இருமுறை உள்ளது. ஒன்றை நீக்கட்டுமா?’

ஆஷா நாற்காலியை விட்டு எழுந்தாள். நபீஸா கையமர்த்தினாள்.

கயிறு மறுபடி விறைத்தது. டிங். டக்.

‘சரி. நீக்கப்பட்டது. நன்றி, மா ஆஷா.’

“அமலே, அம்மாடி!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் ஆஷா.

டீயைத் தூக்குவதற்காகப் பழக்கத்தில் ஜன்னலுக்கு எழுந்த பர்கத்துல்லா, நீட்டிய கையோடு பாதி வழியில் நின்றார்.

“மணி அடிச்ச உடனே நீங்க எல்லாரும் வெளிய எட்டிப் பார்த்துக் கயித்தத் தூக்குவீங்க,” என்றாள் நபீஸா. “திரும்பும்போது கண்ணு டீ மேல இருக்கும். திரை மேல யாருக்கு இருக்கும்? அதுவும் கொஞ்ச நேரத்துல தூங்கிரும். பேப்பர்காரன் ஒரு இழுப்பு, அதனால அது கண்ண முழிச்சதோட சரி. டீக்காரர் ரெண்டு இழுப்பு. முதல் இழுப்புல முழிக்குது, ரெண்டாவதுல ஒரு நாள் போயிருது. வெள்ளிக்கிழமை டீ இல்ல, திருட்டும் இல்ல. கயித்த எதுக்கு இங்க மாத்துனீங்க காக்கா?”

பர்கத்துல்லா தொண்டையைச் செருமினார். “கரண்டு போனா கோ லே நின்னுரக் கூடாதேன்னு பெரிய பேட்டரி வாங்கினேன். அது பால்கனிக் கதவ அடைச்சுக்கிச்சு.”

“ரோபோவும் நிக்கக் கூடாது, டீயும் நிக்கக் கூடாது.”

“வளையம், மணி எல்லாம் நானே மாட்டினேன்,” என்றார். அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டியிருந்தது. உடனே அது உதிர்ந்தது. “அப்ப குத்தம் ரோபோவோடது! அதுதானே அழிச்சுச்சு?”

“அது ஒவ்வொரு தடவையும் மரியாதையாக் கேட்டுச்சு. பதில் சொன்னது உங்க மணி.”

“பலகைல போட்டது சரிதான் பாய்,” என்றான் சுரேந்திரன். “நூறு சதவீதம் தானியங்கி. கேக்கறது ரோபோ, ஒத்துக்கறது மணி. நடுவுல மனுஷனே கெடையாது.”

மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல், அது இரண்டு மாடிக்கு முன்பாகவே வந்துவிட்டது.

“பர்கத்து பாய்! இருக்கியா, ஓடிட்டியா?”

டோ ஆவுடையம்மாள் கதவை நிறைத்துக்கொண்டு நின்றார். பட்டு லோஞ்சி, நெற்றியில் குங்குமம், கையில் விசிறி.

“நாலு மணின்னு சொன்னீங்களேம்மா…” என்று இழுத்தார் பர்கத்துல்லா.

“சொன்னேன். என் ஆப்ல குறிச்சு வைக்கப் போனேன். இன்னைக்குப் புதன்கிழமை, இதுல நாலு மணின்னு ஒரு நேரமே இல்லைங்குது. சரி, இல்லாத நேரத்துக்கு எப்ப வந்தா என்னன்னு வந்துட்டேன். கள்ளன் யாரு?”

மேசையின் மேல் அந்தக் கடுதாசி கிடந்தது. பக்கத்திலேயே பேனா. பர்கத்துல்லாவின் கண் கடுதாசிக்குப் போனது, ஆஷாவுக்குப் போனது, ஜன்னலில் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்த மணிக்குப் போனது. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். எல்லாமே ஆஷா பேரில்தான் பதிவாகியிருக்கிறது.

சுரேந்திரன் வாயைத் திறந்தான். நபீஸா அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

பர்கத்துல்லா கடுதாசியை எடுத்தார். நாலாக மடித்தார். அதைத் தன் தொப்பிக்குள் வைத்துத் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார்.

“நான்தாம்மா.”

“நீயா?” விசிறி நின்றது. “என்ன எதுக்குய்யா அழிச்சே?”

“டீக்காக.”

ஆவுடையம்மாள் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் விசிறிக்கொண்டார்.

“அம்பத்தாறு வருஷம். மூணு புள்ள பெத்திருக்கேன். எண்ணூறு ஜோடிய மணவறைல உக்கார வச்சிருக்கேன். அத்தனையும் ஒரு டீயில கரைஞ்சு போச்சா?”

“ரெண்டு டீம்மா,” என்றான் சுரேந்திரன். “நானும் அதே டீயிலதான் போனேன்.”

“இந்தப் பொண்ணு ஏன் அழுதிருக்கு?”

“தினம் ரெண்டு தடவ நீங்க அழிஞ்சு போயிட்டு இருந்தீங்க,” என்றாள் நபீஸா. “தினம் ரெண்டு தடவ உங்களத் திருப்பி எழுதினது இவ. அதுக்குத்தான் இவ பேர்ல பழி.”

ஆவுடையம்மாள் ஆஷாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். அந்தப் பார்வையில் எண்ணூறு கல்யாணத்தின் பழக்கம் இருந்தது. “என்னப் பெத்த ஆத்தா ஒரு தடவதான் பெத்தா. நீ இருபது தடவ பெத்திருக்க. கல்யாணம் ஆயிருச்சா உனக்கு?”

“அம்மா, மொதல்ல நீங்க பொறந்துக்குங்க,” என்றான் சுரேந்திரன். “அப்புறம் வரன் பார்க்கலாம்.”

“வாய் ஜாஸ்தி. இதுவும் யாஹுதான், சந்தேகமே இல்ல.” விசிறியால் பர்கத்துல்லாவைச் சுட்டினார். “கேட்டுக்க பாய். ரோபோ எழுதட்டும், குரங்கு எழுதட்டும், எனக்கென்ன? ஆனா கடைசியா இந்தப் பொண்ணு படிச்சுப் பார்க்கணும். அப்படின்னா இருக்கேன். இல்லாட்டிப் போறேன்.”

பர்கத்துல்லா ஆஷாவின் மேசைக்குப் போனார். “அந்தப் பட்டியலத் தெற.”

“எந்தப் பட்டியல், ஊ பர்கத்?”

“தொடாதே பட்டியல். எழுந்திரு, நானே எழுதறேன்.”

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். முதல் வரி விழ இரண்டு நிமிடம் ஆனது: ‘புதன் பிற்பகல் – தொடாதே.’

அத்துடன் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். எழவில்லை. மறுபடி தேடித் தேடித் தட்டினார்: ‘ஆஷா – தொடாதே.’

“ஆளப் பத்தி எழுதினா கோ லேக்குப் புரியாது, ஊ பர்கத்,” என்றாள் ஆஷா.

“அதுக்கு இல்ல. எனக்கு எழுதி வச்சேன்.”

பிறகு நாற்காலியில் ஏறி, பலகையில் இருந்த 100-ஐ நகத்தால் சுரண்டினார். புதுச் சாயம், போகவில்லை. பேனாவால் அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 99 என்று எழுதிவிட்டு இறங்கினார்.

ஆஷா அதற்குள் எட்டாவது நாளைத் திருப்பி எழுதியிருந்தாள். ஆவுடையம்மாள் தன் போனை எடுத்துத் தேதியை அடித்தார். ‘புதன் பிற்பகல். தந்தமில்லாத யானை. வடமேற்கு மூலை.’ அதை மார்போடு அணைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்தார். எல்லாருக்கும் தெரிந்தது.

“எனக்கும் அடி, மா ஆஷா, எனக்கும்!”

அடித்தாள். சுரேந்திரன் திரையை எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

“அக்கா! பொறந்துட்டேன்!”

“யானைன்னு வேற எழுதிக் குடுத்துருக்கு. எறங்கும்போது படி தாங்குமான்னு பார்ப்போம்.”

அப்போது ஜன்னல் கயிறு விறைத்தது. மாட்டிய டீயை இன்னும் யாரும் தூக்கவில்லையே என்று கீழே ஜுல்ஃபிகர் பொறுமையிழந்திருக்க வேண்டும். மணி மேலே ஏறியது.

“புதன்கிழமை!” என்று அலறிக்கொண்டு சுரேந்திரன் பாய்ந்தான். மேசையின் மேல் விழுந்து, பொத்தானின் மேல் தன் உள்ளங்கையை விரித்தான்.

“பட்டியல்ல எழுதியாச்சு, கோ சுரேந்திரன்! இனி அடிச்சாலும் ஒண்ணும் ஆகா…”

மணி இறங்கியது.

“அம்மாஆஆ!”

நபீஸா குறிப்பேட்டை மூடிக் கைப்பையில் வைத்தாள்.

“புள்ள அழுதுருச்சு,” என்றாள். “இனிக் கவலையில்ல.”